கிறிஸ்துமஸ் கடை ஜோடனையைப் படம் எடுக்க நாலே முக்கால் மணி

பிரான்சின் அல்சாஸ் பக்கம், கொல்மார், ரிக்வீர் மாதிரி ஊர்களில் கிறிஸ்துமஸ் கடை ஜோடனையைப் படம் எடுக்க மாலை 4.45க்குப் போய்விடுங்கள். டிசம்பரில் அங்கே நாலரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். தெருவைவிடக் கடைக்குள் வெளிச்சம் கூடியதும், கண்ணாடியில் உங்கள் முகமும் எதிர்வீடும் தெரியாது. வானத்தில் நீலமும் மிச்சம் இருக்கும்.

குறுகிய சந்தில் எதிர்க்கடையின் விளக்குத் தோரணம் கண்ணாடியில் விழுந்தால் இது பலிக்காது. அப்போது போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள். முழு ஜோடனையும் அடங்காதுதான், ஆனால் தெற்குப் பிரான்சின் ப்ரோவான்ஸ் பக்கத்துக் குட்டி சான்டோன் களிமண் பொம்மைகளுக்கு அதுவே போதும். இரவுச் சாப்பாடு முடித்து நிதானமாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கடை மூடிய கொஞ்ச நேரத்தில் பல இடங்களில் விளக்கை அணைத்துவிடுவார்கள்.