டர்பனில் இருந்தபடியே இதழியல் முதுகலை: தொலைநிலையில் படிக்க எண்ணுவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்துகொண்டு, பகலில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்த்துக்கொண்டு, பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணையவழியாக இரண்டு ஆண்டுகளில் இதழியல் முதுகலை முடித்தேன். அதே வழியில் படிக்க விரும்புவோர் என்னிடம் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அதற்கும் முன்பாக, படித்த பிறகு எந்த ஊரில் இருந்து, யாரைப் பற்றி எழுதப்போகிறோம் என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவில் நிருபராக வேலை பார்க்க உரிமம் எதுவும் வேண்டியதில்லை, பட்டமும் சட்டப்படி கட்டாயமில்லை. எழுதப்போவது இந்த ஊரைப் பற்றி என்றால், வெளிநாட்டுப் பாடத்தில் எதை அப்படியே ஏற்றுக்கொள்வது, எதை இங்குள்ள நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்ற கணக்கு முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் பட்டத்தின் தரத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்நாட்டின் தேசியத் தகுதிச் சட்டகத்தில் இளங்கலை 7ஆம் நிலையிலும், ஆனர்ஸ் 8ஆம் நிலையிலும், முதுகலை 9ஆம் நிலையிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மூன்றாண்டு பி.ஏ. முடித்து வந்தவர்கள் நேரே எம்.ஏ.வில் சேரலாம் என்று எண்ணிக்கொண்டு இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். நடுவில் ஆனர்ஸ் என்று ஓராண்டு இருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்றாண்டு இளங்கலையை வைத்தே முதுகலைக்கு இடம் தருகின்றன. வெளிநாட்டுப் பட்டம் இங்கே எந்த நிலைக்கு ஈடாகும் என்பதைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம், அதாவது சாக்வா, மதிப்பிட்டுச் சொல்கிறது. அந்த மதிப்பீடு உங்களுக்கு எதற்காகத் தேவைப்படும், வேலைக்கா மேற்படிப்புக்கா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தீர்மானித்து, அதற்கு ஏற்றபடி விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் தனியார் கல்லூரி என்றால் மூன்றைப் பார்க்க வேண்டும்: உயர்கல்வித் துறையில் அதன் பதிவு, உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம், தகுதிச் சட்டகத்தில் அந்தப் பாடநெறி இடம்பெற்றிருப்பது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலகிவிடுவதே மேல்.

தொலைநிலைக் கல்வி இந்நாட்டுக்குப் புதியதல்ல. 1873இல் தோன்றிய தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், அதாவது யூனிசா, 1946 முதல் அஞ்சல்வழியில் கற்பித்து வருகிறது. உள்ளூர்ப் பட்டமே போதும் என்பவர்கள் அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதழியலில் முதுகலை நடத்துகிறது. ஆனால் இந்திய நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுவதால், அங்கே மாலை 7 மணிக்கு நடக்கும் வகுப்பு நமக்குப் பிற்பகல் 3.30க்கு, அலுவலக நேரத்தில் வந்து விழும். வேலைக்குச் செல்பவர்கள் பதிவு செய்த காணொளியைப் பார்த்தே படிக்க நேரிடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டும்.

பிரிட்டன் நேரத்தில் வேறொரு சிக்கல். தென்னாப்பிரிக்கா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கிறது, அவர்களோ மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். கோடையில் ஒரு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் இரண்டு. லண்டனில் மாலை 6 மணி வகுப்பு எனக்குக் குளிர்காலம் முழுவதும் இரவு 8 மணிக்கு இருந்தது. மார்ச் கடைசியில் வழக்கம்போல 8 மணிக்கு உட்கார்ந்தபோது ஆசிரியர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். ஒப்படைப்புகளின் கெடுவும் அதே லண்டன் கடிகாரத்தின்படிதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாத் தேதிகளையும் டர்பன் நேரத்துக்கு மாற்றி நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

உழைப்பின் அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பிரிட்டன் முதுகலைக்கு 180 மதிப்பலகுகள், அலகு ஒன்றுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு, ஆக 1800 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் பரப்பினால் வாரத்துக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் வருகிறது. இதை வேலைநாள் இரவுகளில் மட்டும் எடுத்துவிட முடியாது, சனிக்கிழமை முழுவதும் போய்விடும். கட்டணம் பவுண்டில் இருப்பதால் ராண்டின் ஏற்றத்தாழ்வுக்கும் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். மின்வெட்டு 2023இல் உச்சத்தில் இருந்தபோது ரவுட்டருக்கென்று ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வைத்தேன், இன்றும் அதைக் கழற்றவில்லை.

இனி இந்தப் படிப்பில் தொலைவிலிருந்து கிடைக்காத பகுதிக்கு வருகிறேன். ஊடகச் சட்டப் பாடம் முழுக்க முழுக்க ஆசிரியரின் நாட்டுச் சட்டம். தேர்வுக்கு அதைத்தான் எழுத வேண்டும், ஆனால் டர்பன் நீதிமன்றத்தில் உட்கார்ந்து செய்தி எழுதும்போது அது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். ஆகவே ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கத்தில் பாடத்தில் உள்ள சட்டத்தையும் வலப்பக்கத்தில் இந்நாட்டுச் சட்டத்தையும் எழுதிவருவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் சிறுவயதில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை மறைக்கும் ஆணை அவருக்கு 18 வயது நிறைந்ததும் பொதுவாகக் காலாவதியாகிவிடும். இங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அளித்த தீர்ப்பின்படி அந்தப் பாதுகாப்பு பாதிக்கப்பட்ட சிறார்களுக்கும் உண்டு, 18 வயதுக்குப் பிறகும் அது நீடிக்கிறது. பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தன் வாக்குமூலத்தை, அதாவது குற்றத்தை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதை, சொல்லும் வரை அவர் பெயரையும் இங்கே வெளியிட முடியாது. தகவல் பெறும் சட்டங்களை ஒப்பிட்டால் இன்னும் சுவையாக இருக்கும். இரு நாட்டுச் சட்டங்களுமே 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டவை. பிரிட்டனில் பொது நிறுவனங்களிடம் மட்டுமே கேட்கலாம், 20 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். இங்கே 30 நாள் அவகாசம், ஆனால் ஓர் உரிமையைக் காக்கவோ பயன்படுத்தவோ தேவைப்படும் தகவல் என்றால் தனியார் நிறுவனத்திடமும் கேட்க இடமுண்டு. பாடத்தில் இல்லாத இந்த வசதியை வைத்தே ஒரு நல்ல ஒப்படைப்பு எழுதலாம்.

ஆசிரியர்கள் உங்கள் ஊரை அறியாதவர்கள் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். நான் அனுப்பிய முதல் ஒலிச்செய்தி, சாட்ஸ்வொர்த்தில் ‘பங்களாதேஷ் சந்தை’ என்ற பெயரில் உள்ள சந்தையில் மசாலாப் பொடி விற்கும் ஓர் அம்மாவின் பேட்டி. சனிக்கிழமை காலை கூட்டத்தின் நடுவே கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்தேன். வீட்டில் கேட்டால் காற்றின் இரைச்சலும், பக்கத்துக் கடை ஒலிபெருக்கியும், இடையிடையே அவர் குரலும். அடுத்த வாரம் அவரை வண்டியின் பின்பக்கம் அழைத்துப்போய், ஒலிவாங்கிக்கு ஒரு கம்பளிக் காலுறையை மாட்டி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். பேட்டி முடிந்த பிறகு யாரும் பேசாமல் சந்தையின் ஒலியை மட்டும் அரை நிமிடம் தனியாக எடுத்துக்கொண்டேன், ஏனெனில் வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க அது உதவும். “கொத்தமல்லி முழுசா வாங்குறவங்க குறைஞ்சிட்டாங்க தம்பி” என்று அவர் சொன்ன வரியைத்தான் ஆசிரியர் செய்தியின் தொடக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஊர் தெரியாத அவருக்கும் அந்த வரி எட்டியது. கூடவே, தம்பி என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டதற்குக் காரணம் கேட்டு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பழகுவதில்தான் படித்த பணத்துக்குப் பலன் இருக்கிறது. எனவே பாடத்தில் தரும் மாதிரித் தலைப்புகளை விட்டுவிட்டு, உள்ளூர்த் தலைப்புக்கு அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

ஆய்வேட்டில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர்களைப் பேட்டி காணும் ஆய்வுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது, எப்படியும் ஒப்புதல் வந்துவிடும் என்ற துணிவில் இரண்டு பெரியவர்களைப் பேட்டி எடுத்துவிட்டேன். ஒப்புதல் வந்தது, ஆனால் அதற்கு முந்தைய தேதியில் எடுத்தவை என்பதால் அந்த இரண்டையும் பயன்படுத்த முடியாமல் போயிற்று. அவர்களில் ஒருவர் மறுபடி பேச விரும்பவில்லை. பேட்டி தருபவர்கள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் முதியவர்கள் படிக்காமலே கையெழுத்திடுவார்கள், ஆகவே தமிழிலும் ஜூலுவிலும் ஒரு சுருக்கம் தயார் செய்து விண்ணப்பத்துடனே இணைத்து அனுப்புங்கள்.

தலைப்பு தேடுவோருக்கு ஒரு யோசனை. டர்பனில் 1903இல் காந்தி முன்னின்று தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்தது, தமிழ், இந்திப் பகுதிகள் 1906இல் நிறுத்தப்பட்டன. பி. எஸ். ஐயர் 1908இல் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ தமிழும் ஆங்கிலமுமாக வந்தது. யார் எழுதினார்கள், யார் அச்சுக் கோத்தார்கள், எந்த விளம்பரங்கள் அவற்றைத் தாங்கின என்பவையெல்லாம் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள். இந்திய வம்சாவளியினர் பற்றிய ஆவணங்களைத் தேட, குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுதுலி ஆவண மையத்துக்குச் செல்லலாம். தேய்ந்து மங்கிய தமிழ் எழுத்துகளைக் காட்டும் பக்கங்களுக்கு ஒரு பூதக்கண்ணாடியும், நகலெடுக்க அனுமதிக்கும் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும். அந்தக் கடிதத்தை நெறியாளரிடம் பல்கலைக்கழகத்தின் முகவரித்தாளில் கேட்டு வாங்குங்கள், மின்னஞ்சல் அச்சுப்படியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.