எலெக்ட்ரிக் டிரெய்லர் பிரேக்: எர்த்தில் இருந்து ஆரம்பியுங்கள்

மதுரைப் பக்கம் டிரெய்லர் என்றாலே டிராக்டருக்குப் பின்னால் போவதுதான் நினைவுக்கு வரும். இது அதற்கானது இல்லை. கல்யாணச் சமையல் பாத்திரம், ஜெனரேட்டர் என்று ஏற்றி ஜீப்பிலோ பிக்கப்பிலோ கட்டி இழுக்கும் சின்ன டிரெய்லரில், 12 வோல்ட் எலெக்ட்ரிக் பிரேக் வைத்திருப்பவர்களுக்கானது.

டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கன்ட்ரோலர் கரண்ட் கொடுத்ததும், அது சுழலும் டிரம்மின் உள்முகத்தைப் பிடித்து அதோடு நகரப் பார்க்கும். அந்த இழுப்பில் ஒரு நெம்புகை அசைந்து பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும். கரண்ட் குறைந்தால் பிடியும் குறையும். அதனால்தான் பிரேக் மந்தமானதும் டிரம்மைக் கழற்ற ஓடாதீர்கள் என்கிறேன். கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும், அதிலும் எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில்.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, கன்ட்ரோலரின் கை லீவரை ஒருவர் முழுக்கத் தள்ளிப் பிடிக்கட்டும். நீங்கள் மல்டிமீட்டரின் ஒரு முனையை, நீள ஒயர் சேர்த்து, இழுக்கும் வண்டியின் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். மறுமுனையை காந்தத்தின் எர்த் ஒயர் டிரெய்லர் சட்டத்தில் சேரும் இடத்தில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் குண்டு வழியாகவே எர்த் போகட்டும் என்று விட்டிருப்பார்கள்; கிரீஸும் துருவும் சேர்ந்த இடத்தில் கரண்ட் எப்படிப் போகும்? டிரெய்லர் ஒயர் வண்டியோடு சேரும் பிளக்கில் இருந்து வண்டி பேட்டரி வரை தனி எர்த் ஒயர் இழுங்கள். பிரேக் ஒயருக்கும் எர்த்துக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும், லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பிளக்கைத் திறந்து பாருங்கள். பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து காந்தம். ஒயரைப் பிரித்து ஓம் பார்த்தால், 10 அல்லது 12 அங்குல பிரேக்கில் சுமார் 3 முதல் 4 ஓம் இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஷார்ட். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இரண்டு ஒயரில் எதை எதோடு சேர்த்தாலும் சரிதான், காந்தத்துக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது.

அப்புறம் ஷூ இடைவெளி. ஜாக்கில் தூக்கி, பின்தகட்டின் கீழ்ப்பக்க ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு, ஷூவை நகர்த்தும் பல்சக்கரத்தைத் திருப்புங்கள். டிரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுகட்டும். பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். சக்கரத்தை முன்பக்கமாகவே சுற்றிப் பாருங்கள். புது ஷூ என்றால் முதல் 300 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால் நல்லது. பேரிங் கிரீஸை அள்ளித் திணிக்காதீர்கள். சீல் தாண்டிக் கிரீஸ் லைனிங்கில் பட்டுவிட்டால் துடைத்துப் பயனில்லை, ஷூவையே மாற்ற வேண்டும்.

பிரேக்குக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்க கன்ட்ரோலரில் உள்ள கெயின் என்ற குமிழைப் பலர் தொடுவதே இல்லை. வண்டி ஓட்டமில்லாத சமமான தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கை லீவரை முழுக்கத் தள்ளுங்கள். சக்கரம் லாக் ஆகிக் கீறினால் குறையுங்கள், இழுப்பு தளர்வாக இருந்தால் கூட்டுங்கள். லாக் ஆவதற்குச் சற்று முன்னால் நிற்பதுதான் சரியான இடம். சுமையோடு வைத்த அளவு காலி டிரெய்லருக்கு அதிகம். அண்டாவும் கேஸ் சிலிண்டரும் இறங்கியதும் குறைத்துவிடுங்கள்.

டிரெய்லர் கழன்று போனால் கேபிள் பின்னை இழுத்து, டிரெய்லரிலேயே உள்ள சின்ன பேட்டரியால் பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்ச் இருந்தால், டிரெய்லர் பிளக்கை முதலில் பிடுங்கிவிட்டு அந்தப் பின்னை இழுங்கள். வண்டியை மெல்ல நகர்த்தினால் டிரெய்லர் சக்கரம் உருளக் கூடாது. பார்த்ததும் பின்னைத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன பேட்டரி காலியாகிவிடும். கேபிளை ஹிட்ச்சில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள். ஹிட்ச்சே கழன்றால் பிரேக் பிடிக்கத்தானே அது?

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது பெடலில் காலை வைத்தபடியே வராதீர்கள். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும் சாலை அது, டிரம் சூடேறிப் பிடி போய்விடும். இரண்டாவது கியரில் இறங்கி, அவ்வப்போது அழுத்தி விடுங்கள். கீழே வந்ததும் ஒவ்வொரு ஹப்புக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் வேலை செய்யவில்லை, மறுபடி மல்டிமீட்டரை எடுங்கள்.