பிப்ரவரியில் வெள்ளியங்கிரி ஏறுபவர்களுக்கு

கோவை அருகே உள்ள பூண்டி அடிவாரத்தில் இருந்து ஏழு மலை. வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக அனுமதிக்கிறது. தொடக்கத்தில் போனால் சுனைகளில் தண்ணீர் இருக்கும், ஆனால் இரவுக் குளிர் கடுமை.

முதல் மலைதான் ஆளை முறிக்கும். செங்குத்தான, உயரம் சீரில்லாத கற்படிகள்; வேகமாக ஏறினால் இரண்டாவது மலைக்குள்ளேயே மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறவே வேண்டாம்.

ஐந்தாம் மலை திறந்த மேடு, காற்று நேராக அறையும். வியர்த்த பருத்திச் சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் நடுக்கம் நிச்சயம். மாற்றுச் சட்டை, காற்றுத் தடுக்கும் மேலாடை, குரங்குக் குல்லா பையின் மேலாக இருக்கட்டும். ஆறாவது மலை இறக்கம். பனி ஈரத்தில் மண் வழுக்கும். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடிக்கு இங்கேதான் வேலை. அங்குள்ள ஆண்டி சுனையில் குளிப்பதானால் வெயில் வந்தபின் குளியுங்கள்.

தலைவிளக்கு, மாற்று பேட்டரி, 2 லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், ஓ.ஆர்.எஸ். பொடி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறைகளை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள், நுழைவில் சோதிப்பார்கள். இறங்கும்போது முட்டிதான் முதலில் கெஞ்சும்: படிகளில் குதிக்காமல் தடியை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் கால் வையுங்கள்.