சர்க்கரை நோயாளிக்கு மழைக்காலக் காய்ச்சலா? மீலியாய்டோசிஸையும் தேடுங்கள்

வயலில் வேலை பார்க்கிறவர், பல வருடமாகச் சர்க்கரை, மழை பிடித்ததிலிருந்து காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் இருக்கிறது, சளியில் டிபி கிருமி இல்லை, வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. இந்த இடத்தில் "எதற்கும் டிபி மருந்தை ஆரம்பிப்போம்" என்று இறங்கிவிடாதீர்கள். மீலியாய்டோசிஸ் நழுவிப்போவது பெரும்பாலும் இங்கேதான். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய் என்ற பாக்டீரியாவின் வேலை இது. 1912-லேயே ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் எழுதிவைத்த நோய்.

முதலில் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குடி, ஸ்டீராய்டு, தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) இதையெல்லாம் கேளுங்கள். சேற்றில் வெறுங்காலோடு நின்றாரா என்றும் கேளுங்கள். எச்ஐவி இதற்குப் பெரிய காரணியாகத் தெரியவில்லை, சர்க்கரைதான் முக்கியம்.

முடிந்தவரை ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே ரத்தம், சிறுநீர், சளி, தொண்டை ஸ்வாப், சீழ் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள், இருமல் இல்லாவிட்டாலும் தொண்டை ஸ்வாபை விடவேண்டாம். படிவத்தில் "மீலியாய்டோசிஸ் சந்தேகம்" என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் லேப்காரர்கள் சாதாரண சூடோமோனாஸ் (வேறொரு பாக்டீரியா) என்று நினைத்துக் கல்ச்சர் தட்டை ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம், அவர்கள் பாதுகாப்புக்கும் அந்த ஒரு வரி தேவை.

லேபில் இருப்பவர்களுக்கு: வளர்ந்த கிருமி கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையவில்லை, ஆனால் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்குப் பணிகிறது என்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். சாதாரண சூடோமோனாஸ் அப்படி நடந்துகொள்ளாது. தானியங்கி மெஷின் இதை செபாசியா (இதே பர்க்ஹோல்டேரியா இனத்தின் வேறொரு கிருமி) என்று தப்பாகச் சொல்வதுண்டு, அதனால் லேட்டெக்ஸ் சோதனையோ பிசிஆரோ செய்து உறுதிப்படுத்துங்கள். ஆஷ்டவுன் ஊடகம் (இந்தக் கிருமியை வளர்க்கவென்றே உள்ளது) இருந்தால் சில நாளில் சுருக்கம் விழுந்த ஊதா நிறக் காலனி தெரியும். தட்டைச் சீக்கிரம் தூக்கிப்போடாதீர்கள், அப்புறம், எக்காரணம் கொண்டும் அதை முகர்ந்து பார்க்காதீர்கள். பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வைத்தே கையாளுங்கள்.

வயிற்றுக்கு ஸ்கேன் அவசியம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள் இருக்கலாம், ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்ச்சர் ஒருமுறை நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, சந்தேகம் இருக்கும்வரை திரும்ப அனுப்புங்கள். நோயாளி மோசமாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் தொடங்கிவிடலாம், செஃப்ட்ரியாக்சோனை நம்பி உட்காரவேண்டாம். உறுதியானால் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பிவருகிறது, இதை வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் சொல்லிவிடுங்கள்.