மரபணுத் தரவுத்தளச் சான்றைக் கையாளல்: தோட்டப்பகுதிச் சட்ட உதவித் தொண்டர்களுக்கான வழிகாட்டி

இரத்தம், உமிழ்நீர் போன்ற மரபணு மாதிரி கெட்டுப்போனால் எவ்வளவு பெரிய தரவுத்தளம் இருந்தும் பயனில்லை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் அது எளிதில் கெட்டுவிடும். குற்றம் நடந்த இடத்தைப் பொலிஸாருக்கு விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரைக் குளிக்கவோ உடை துவைக்கவோ விடாமல் சட்ட வைத்திய அதிகாரியிடம் அழைத்துச் செல்லுங்கள். உடையைக் கழற்ற நேர்ந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் இடுங்கள். நனைந்த துணியை அடுப்படியிலோ வெயிலிலோ போடாமல் நிழலில் காற்றாட உலரவிட வேண்டும். பொலித்தீன் பையில் முடிந்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மரபணு சிதையும். எதை, யார், எப்போது, யாரிடம் ஒப்படைத்தார் என்பதை அப்போதே எழுதி வையுங்கள். அதில் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அங்கேதான் கைவைப்பார்.

பிரித்தானியா 1995 இல் தொடங்கிய தேசியத் தரவுத்தளம் போன்றவற்றில், குற்ற இடத்தில் கிடைத்த மாதிரிகளின் எண்வரிசைகள் ஆட்களின் எண்வரிசைகளோடு ஒப்பிடப்படுகின்றன. மரபணு முழுவதும் அங்கு பதியப்படுவதில்லை; ஆளுக்கு ஆள் வேறுபடும் குறிப்பிட்ட சில இடங்கள், அதாவது குறியிடங்கள், மட்டுமே எண்களாகப் பதியப்படும். அமெரிக்காவில் கட்டாயமாகப் பார்க்கப்படும் குறியிடங்கள் 2017 இல் 13 இலிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டன. ஆகவே "பொருந்திவிட்டது" என்று எவரேனும் சொன்னால், எத்தனை குறியிடங்களில் பொருந்தியது, மாதிரி ஒருவருடையதா பலருடைய கலவையா, சந்தேகநபரிடம் புதிதாக மாதிரி பெற்று மீண்டும் சோதித்தார்களா என்று சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

ஒரே லயத்தில் அண்ணன் தம்பி, சித்தப்பா, மச்சான் என்று உறவினர்கள் நெருங்கி வாழும் நம்மவரிடையே இக்கேள்விகள் இன்னும் முக்கியமானவை. உடன்பிறந்த இருவர் ஒரு குறியிடத்தில் ஒத்திருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்குக் குறையாது. எனவே, சில குறியிடங்கள் மட்டுமே தெரியும் சிதைந்த மாதிரி சகோதரர்களைப் பிரித்துக் காட்டாமல் போகலாம். நல்ல மாதிரி பிரித்துக் காட்டும். 2015 ஆம் ஆண்டுக் கொட்டதெனியாவ சிறுமி கொலை வழக்கில், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பின்னரும் மரபணு அவருடையதோடு பொருந்தாமல் அவருடைய சகோதரனுடையதோடு பொருந்தியது. அதற்கு முன் கைதான பாடசாலை மாணவனையும் அதே சோதனைதான் விடுவித்தது. பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை விட இதற்கு எடை அதிகம் என்பது என் கருத்து.

பல நாடுகளில் சிறைக்கைதிகளின் மாதிரிகள் தரவுத்தளத்தில் சேர்க்கப்படுகின்றன. குற்றவாளியாகக் காணப்படாதவர்களின் மாதிரியைக் காலவரையறையின்றி வைத்திருப்பது தனியுரிமை மீறல் என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. விடுதலையானவர் தம் மாதிரி என்னவாயிற்று என்று எழுத்தில் கேட்பது நியாயமே. தண்டனை பெற்றவரின் குடும்பமோ, மறுசோதனைக்கு வழியிருக்கும்படி, மேன்முறையீடு முடியும்வரை சான்றுப்பொருட்களை அழிக்க வேண்டாம் என்று சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தைக் கோர வேண்டும்.