ஃபைபர் பாடி காரில் விரிசலா? பட்டி பார்க்கும் முன் சப்ஃபிரேமைப் பாருங்கள்

செட்டிநாட்டு கார் ஷெட்டுகளில் பழைய தகர பாடி கார்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு ஃபைபர் (கண்ணாடி இழையை ரெசின் பசையில் தோய்த்துச் செய்த) பாடி காரும் வந்து சேர்கிறது. 1982இல் வந்த சிபானி டால்பின், ரெனோவின் 1149 சிசி எஞ்சின் போட்ட சான் ஸ்டார்ம், அபூர்வமாக பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஒரு லோட்டஸ். காரைக்குடிப் பட்டறைகளில் தகரம் தட்டி நிமிர்த்தக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அந்தத் திறமையில் இல்லை, தகரத்துக்குச் செய்வதையே ஃபைபருக்கும் செய்வதில்தான் இருக்கிறது.

முதல் தவறு, அடிக்கடி நடப்பதும் கூட: கதவு மூலையிலோ கண்ணாடிச் சட்டத்தின் அடியிலோ விரிசல் தெரிந்ததும், "ஃபைபர்தானே அண்ணே, ரெண்டு கோட்டு பட்டி போட்டாச் சரியாயிடும்" என்று பூசிவிடுவது. நம் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வெடித்தால் யாரும் பூச்சைக் குறை சொல்வதில்லை, தூண் இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் மேல் இருக்கும் வழவழப்பான அடுக்கில், நட்சத்திரம் மாதிரி சிறு கீறல்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்திருந்தால் பெரும்பாலும் வெளியடி. ஆனால் நீளமான ஒரே கோடு, அதுவும் வலமும் இடமும் ஒரே இடத்தில் இருந்தால், உள்ளே சேசிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்) முறுக்கிக்கொள்கிறது என்று சந்தேகப்படுங்கள். அது தீராமல் எத்தனை முறை பூசினாலும் விரிசல் திரும்ப வரும்.

காரணம் எளிது. எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியம் 70. கைப்பூச்சில் செய்த சாதாரண கிளாஸ் மேட் ஃபைபர் 7, 8க்குப் பக்கத்தில்தான். எஃகுச் சட்டம் கொஞ்சம் வளைந்தால் ஃபைபரும் கூடவே வளைந்துவிடும். ஆனால் இரண்டும் சேரும் இடத்தில், போல்ட் துளையிலும் கூர்மையான மூலையிலும், அழுத்தம் வந்து குவிகிறது. 1957 லோட்டஸ் எலீட்டில் பாடியையே ஃபைபர் மோனோகாக்காக, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் பாடியே சுமையைத் தாங்கும்படி, செய்தார்கள். அதிலும் எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்க, ஃபைபருக்குள் ஒரு எஃகு சப்ஃபிரேமை (துணைச் சட்டத்தை) பதித்தார்கள். 1962இல் வந்த எலானில் சுமை முழுவதையும் நடுவில் ஓடும் எஃகு முதுகெலும்புச் சேசிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாடி மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கார் இதில் எந்த வகை என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது.

அடுத்து எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் தாங்கி. அது எஞ்சினின் எடையைத் தூக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எடை சின்ன விஷயம். குறுக்காக வைத்த எஞ்சினில் கியர்பாக்ஸும் டிஃப்ரன்ஷியலும் (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது) ஒரே கட்டியாக இருக்கும். சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசையின் எதிர்விசை முழுவதும் மவுண்டுகளில்தான் விழும். 200 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் விகிதம் 3.5, கடைசிக் கியர் ஜோடியான ஃபைனல் டிரைவின் விகிதம் 4 என்று வையுங்கள். பெருக்கினால் 2800. மவுண்டுகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி என்றால் ஒவ்வொன்றிலும் 5600 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 570 கிலோ. கிளட்சை படக்கென்று விட்டால் அதற்கும் மேலே போகும். நெடுக்காக வைத்த எஞ்சினில் மவுண்டுக்கு வரும் பங்கு குறைவு, மீதி டிஃப்ரன்ஷியல் மவுண்டில் போய் விழும். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய எஞ்சினை மாற்றிப் பொருத்துவதும், "ஆடுது" என்று ரப்பர் மவுண்டை எடுத்துவிட்டு கட்டி இரும்பை வைப்பதும் ஒரே ரகத் தவறு. ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வு அப்படியே சப்ஃபிரேமின் வெல்டிங்கில் இறங்கும், சில மாதத்தில் வெல்டின் ஓரம் கீறும். (எஞ்சின் மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் பதிவும் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

குழாய்ச் சட்டத்தில் பிராக்கெட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். குழாய்கள் சேரும் முடிச்சில் வைத்தால் சுமை ஒவ்வொரு குழாயின் நீளவாக்கிலும் பிரிந்து போகும். முடிச்சுக்கு நடுவில், வெறும் குழாயின் வயிற்றில் வைத்தால் குழாய் வளையும். மெல்லிய குழாய் வளைவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் தடித் தகட்டை ஒட்டவைத்தால், தகடு முடிகிற இடத்தில் அடுத்த விரிசல் ஆரம்பிக்கும். நானாக இருந்தால் தகட்டுக்குப் பதிலாக ஒரு சாய்வுக் குழாயைப் போட்டு முக்கோணமாக்குவேன்.

ஃபைபர் வழியே போல்ட் போடும்போது வெறும் வாஷரோடு இறுக்காதீர்கள். அழுத்தத்தில் ரெசின் மெல்ல நசுங்கி இறங்கும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. போல்ட் தானாக லூஸாகும், லூஸான போல்ட் துளையைத் தின்னும். ஃபைபரின் தடிமன் அளவுக்கே நீளமுள்ள ஒரு எஃகுக் குழாய்த் துண்டை லேத்தில் கடைந்து துளைக்குள் வைத்தால் இறுக்கம் முழுவதும் எஃகின் மேல் விழும். பின்பக்கம் ஓரம் மழுக்கிய அகலமான தகடு வேண்டும். ஃபைபரிலேயே மரை போடுவது வீண் வேலை.

கார்பன் ஃபைபர் என்றால் இன்னொரு வம்பு உண்டு. கார்பன் மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஆல்ஃபா ரோமியோ 4சியில் 65 கிலோ கார்பன் தொட்டியும் அலுமினிய சப்ஃபிரேம்களும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் நடுவே ஒரு கிளாஸ் ஃபைபர் அடுக்கோ சீலன்டோ கட்டாயம். கழற்றி மாட்டும்போது அதைச் சுரண்டி எறிந்துவிட்டு "சுத்தமா" பொருத்துவது பெரிய தப்பு. 1953இல் திறந்த செக்ரி போன்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கும் ஊரில், அரிப்பு என்றால் மேலே தெரியும் துரு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் போய்வந்த காரை அடியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எலானில் முன் குறுக்குச் சட்டத்தின் வடிகால் துளை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே துருப்பிடிப்பது பேர்போன நோய். பெயின்ட் பளபளவென்று இருக்கும், குச்சியால் குத்தினால் உள்ளே போகும்.

லோட்டஸ் எலீஸின் 68 கிலோ அலுமினியச் சேசிஸ் எபாக்சியால் ஒட்டியது. அதன் பக்கத்தில் வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் ஒட்டு செத்துவிடும். எஃகு சப்ஃபிரேமைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்வதே முறை. அதுவும் போல்ட் புள்ளிகளை ஒரு ஜிக்கில் (இடம் மாறாமல் பிடித்துவைக்கும் அச்சில்) பிடித்துக்கொண்டு. எர்த் ஒயரை மறக்க வேண்டாம். கிளாஸ் ஃபைபர் மின்சாரம் கடத்தாது, எஞ்சினின் எர்த் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு எடுங்கள். சஸ்பென்ஷன் புள்ளிகள் நான்கிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைவிட்டங்களை ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லின் கோடுகளையே அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள், அவை கைவேலை. அதன் மேல் ஜாக்கி ஸ்டாண்டை வைத்தால் ஆச்சியிடம் திட்டும் வாங்க வேண்டிவரும். ஜாக்கியை ஃபைபர் தரைக்கடியில் கொடுக்காமல் தயாரிப்பாளர் காட்டிய புள்ளியில் கொடுங்கள். எல்லாம் மாட்டி முடித்து நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் சப்ஃபிரேம் போல்ட்களை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் பெயின்டருக்கு அனுப்பலாம்.