பெங்களூரு மழையில் ஆர்க்கிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் மாத லால்பாக் மலர்க் கண்காட்சி முடிந்த கையோடு அல்சூர்ப் பக்கத்து மொட்டைமாடிகளில் புதிய ஆர்க்கிட் தொட்டிகள் வரிசைகட்டுவதும், தீபாவளிக்குள் அவற்றில் பல வெறுந்தொட்டிகளாவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. உச்சிவெயிலில் வைக்கக்கூடாது, தோட்ட மண்ணில் நடக்கூடாது என்பனவெல்லாம் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொட்டியின் நடுவே இருப்பதைப் பார்க்காமல் மழையில் வைப்பது

இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்கவில்லை. நர்சரியிலிருந்து வரும் பல செடிகளின் வேருக்கு நடுவே, நாற்றுப் பருவத்தில் வைத்த ஒரு பிடி ஸ்பேக்னம் பாசி அப்படியே இருக்கும். அதைச் சுற்றித்தான் தேங்காய் மட்டைத் துண்டுகளோ மரப்பட்டையோ நிரப்பியிருப்பார்கள். மழை விட்டதும் மேலே உள்ளவை ஒரே நாளில் காய்ந்துவிடும். பாசியோ நாட்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "தொட்டி காஞ்சுதானே இருக்கு, அப்புறம் ஏன் இலை சுருங்குது?" என்று கேட்டபடியே இன்னொரு குவளை ஊற்றினார். செடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வெளிவேர்கள் திடமாக இருந்தன. நடுவேர்களை விரலால் அழுத்தியதும் தோல் வழன்று நார் மட்டும் மிஞ்சியது. வேர் அழுகினாலும் இலை சுருங்கும், தாகத்தாலும் சுருங்கும். இதைப் பிரித்தறியாமல் ஊற்றும் தண்ணீரே செடியை முடித்துவிடுகிறது. பூ உதிர்ந்ததும் பாசியை முழுவதுமாக நீக்கி, கரித்துண்டும் செங்கல் சில்லும் கலந்து, பக்கவாட்டில் துளைகளுள்ள தொட்டியில் மாற்றி நடுங்கள். பூத்திருக்கும் செடியை அதுவரை கூரைக்கு அடியிலேயே வைத்திருங்கள்.

மழை பெய்யும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாதது

சராசரியாக 200 மில்லிமீட்டரைத் தாண்டும் செப்டம்பர் மழையில் பெரும்பகுதி இங்கே மாலையிலும் இரவிலும் கொட்டுவதால், ஃபெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகையின் குருத்தில் தேங்கும் நீர் விடியும்வரை வற்றாமல் நின்று அழுகலைக் கொண்டுவரும். காட்டில் இந்தச் செடி மரத்தில் சாய்ந்தே தொங்குகிறது. நீங்களும் தொட்டியைச் சாய்த்துக் கட்டலாம். வெறும் வேருடன் கூடையில் தொங்கும் வாண்டா வகை ஆர்க்கிட்டுக்கு இந்தக் கவலை குறைவு.

ஜூன், ஜூலை தூறலோ நேர்மாறானது: இலை நனையும், வேர் நனையாது. வேர் பச்சையாகத் தெரிந்தால் ஈரம் உண்டு. வெள்ளிநிறமாக வெளுத்திருந்தால், வானம் மூடியிருந்தாலும் காலையில் நீர் ஊற்றத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் உரத்தை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள், பாதி வீரியம் போதும்.

நத்தையை மறப்பது

இரவில் டார்ச்சுடன் போய்ப் பாருங்கள்.

மழை ஓய்ந்த பின்னும் அதே கவனிப்பைத் தொடர்வது

நோபைல் வகை டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்கு நவம்பர் முடிவிலிருந்து உரத்தை அறவே நிறுத்தி, தண்டு மிகவும் சுருங்காத அளவுக்கு மட்டும் நீர் காட்ட வேண்டும். இல்லையெனில் பூ வரவேண்டிய கணுக்களில் குட்டிச்செடிகள் முளைக்கும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மற்ற கலப்பின டென்ட்ரோபியங்களை இப்படிக் காயப்போட வேண்டியதில்லை. அவற்றுக்கு நீரைச் சற்றுக் குறைத்தாலே போதும்.